பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

"ராஜகோபாலன் சார்! இன்னா சார், விடிஞ்சும் தூக்கமா? முழுப் பேர் சொல்லுங்க பார்க்கலாம்."

ஊசி மருந்துத் தட்டோடு நர்ஸ் ஜான்சி கட்டிலருகே குனிந்திருந்தாள். கிடந்தவர் கண்ணைத் திறந்தார். கோணிய உதட்டிலிருந்து "ராஜ... கோ..." என்று பாதிப் பேர் வந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் படித்துச் சரிபார்த்துவிட்டு, "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பொறுத்துக்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் ஊசியைப் போட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹம்சாவுக்கு வயிறு எரிந்தது. கட்டின மனைவி அவள், விடிந்ததிலிருந்து "ஏன்னா, ஏன்னா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குத் திறக்காத கண் இவளுக்குத் திறக்கிறது.

"ஒவ்வொரு ஊசிக்கும் பேர் கேக்கணுமா? தினம் பார்த்துண்டிருக்கற மனுஷர்தானே?"

"பக்கத்து ரூம்ல இன்னொரு ராஜகோபாலன் சார் கீறாரு மாமி. ஆள் மாறிட்டா வம்பாயிடும்."

பதில் நியாயமாக இருந்தது. அதுதான் ஹம்சாவுக்கு இன்னும் எரிச்சல்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. பக்கவாதம் வந்து அடையாறில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூட மகன் குருபிரசாத்தான் பேரைச் சொன்னான். மயிலாப்பூரில் அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ராஜகோபாலன் என்றே ஒரு பையன் வந்து சேர்ந்தான். வகுப்பில் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டவள், அவனை மட்டும் வருஷம் பூராவும் வருகைப்பதிவு எண்ணாலேயே கூப்பிட்டாள். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த பேரை இந்தக் குப்பத்துப் பெண் பொழுது முழுக்கக் கூவிக்கொண்டிருக்கிறாள்!

மீன் கடை இருக்கும் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற மனுஷர், கொஞ்சம் பேச்சு இருந்த நாட்களில் ஜான்சியிடம், "உங்கப்பாவுக்கு இன்னிக்கு வலையில என்ன கிடைச்சுது?" என்று விசாரித்தார். வீட்டில் ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட வாய் திறக்காதவர். இப்போது ஹம்சாவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தன் குரலுக்கு அவர் ஒரு தடவை கண் திறக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் குருவை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவன் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு, தங்கைக்கு போன் செய்யக் கீழே இறங்கிப் போனான்.

ஜான்சி படுக்கையின் தலைமாட்டை உயர்த்தி, அவர் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தாள்.

"மாமி, அவருக்கு இப்பவும் காது கேட்டுக்கினு இருக்கலாம். பேசுங்க. பேர் சொன்னா முழிக்கிறாரு, நீங்களே பார்த்தீங்க. ஒருவாட்டி சொல்லித்தான் பாருங்களேன்."

ஹம்சாவுக்குக் கோபம் குபுக்கென்று பொங்கியது. "நீ உன் வேலையைப் பாரும்மா. எங்காத்துக்காரரை எப்படிக் கூப்பிடணும்னு எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம்."

ஜான்சியின் முகம் மாறவில்லை. "சரி மாமி. நான் சொன்னது தப்புன்னா விட்டுடுங்க. கையைப் பிடிச்சுக்குங்க, வெதுவெதுன்னு இருந்தா அவருக்கு நல்லாருக்கும். எதுன்னாலும் பெல் அடிங்க." திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

ஹம்சா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, நான்தான்" என்றாள். இமை அசையவில்லை. இன்னும் குனிந்தாள். பேரின் முதல் எழுத்து நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லி அவர் கண் திறந்தால், அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அது அவள் குரலுக்குத் திறந்த கண்ணாக இருக்காது. ஜான்சி சொல்லிக்கொடுத்ததற்குத் திறந்த கண்ணாகவே இருக்கும். வாயை மூடிக்கொண்டாள். "ஏன்னா" என்றே மறுபடியும் கூப்பிட்டாள்.

ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் பதறிப்போய் பெல்லை அழுத்தினாள்.

ஜான்சி ஓடி வந்தாள். நாடியைப் பிடித்துக்கொண்டே, "ராஜகோபாலன் சார்" என்றாள் மெதுவாக.

அவர் கண் திறந்தது. ஜான்சியைப் பார்த்தது.

"என்னைப் பார்க்காதீங்க சார். அந்தப் பக்கம் பாருங்க, மாமி இங்கதான் கீறாங்க." சொல்லிக்கொண்டே அவள் அவர் கன்னத்தைத் தாங்கி முகத்தை ஹம்சாவின் பக்கம் திருப்பினாள். திரும்பி முடிப்பதற்குள் இமை இறங்கிவிட்டது. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கீழேயிருந்து ஓடி வந்த குரு அழுதான், பிறகு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள் என்று போனான். ஜான்சியும் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிய பெண்ணும் உடம்பைத் துடைத்தார்கள். "திருப்பறேன் சார்" என்று இறந்தவரிடமும் சொல்லிவிட்டே ஜான்சி திருப்பினாள். அடையாளச் சீட்டு கட்டும் நேரம் வந்தது. வீட்டு மனிதர் ஒருவர் வாயால் பேரைச் சொன்ன பிறகுதான் கட்ட வேண்டும் என்பது அங்கே விதி.

புதிய பெண், "இவர் பேர் என்னங்கம்மா?" என்று ஹம்சாவைக் கேட்டாள்.

"அவங்களைக் கேக்காதே. புள்ள வரட்டும், அவர் சொல்வாரு" என்று ஜான்சி சட்டென்று தடுத்தாள்.

"வேண்டாம், நான் சொல்றேன்."

ஹம்சா எழுந்து கட்டிலருகே வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் காதோரம் குனிந்தாள்.

"ராஜகோபாலன்."

"இனிஷியல்?" என்றாள் புதிய பெண்.

ஹம்சா அவர் இமையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.