பம்பரின் உட்பக்கம்

லாரி ரிவர்ஸில் பட்டறைக்குள் வந்துகொண்டிருக்கும்போதே மருதப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். ரோச்சோர் கால்வாயை ஒட்டிய அந்தப் பட்டறைக்கு நாற்றம் புதிதில்லை. நீர் வற்றினால் சேறு நாறும், நாள் முழுக்கத் தின்னரும் எரிந்த எண்ணெயும் நாறும். இது அப்படிப்பட்டதில்லை. இது வாய்க்குள் வந்து நாக்கில் உட்கார்ந்தது. வெல்டிங் செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் பால் டின்களில் வாங்கி வைத்திருந்த டீயைக் கால்வாயில் கொட்டிவிட்டு எதிர்ச் சந்துக்குப் போய்விட்டார்கள்.

கக்கூஸ் வாளிகளை ஏற்றிப் போகிற லாரி அது. நகரத்துக்கு வெளியே கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகளில் மலம் அள்ளும் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு சீனர், குளிர்பானக் கம்பெனியில் ஓடிய பழைய லாரியை வாங்கி, பின்னால் சிறு கதவுகள் வைத்த பெட்டிகளைப் பொருத்தியிருந்தார். கலர்த் தண்ணீர் சுமந்த காலத்தில் முகம் பார்க்கிற மாதிரி மின்னியிருக்க வேண்டிய பின் குரோம் பம்பர் இப்போது சொறி பிடித்த தோல்போல இருந்தது. கொப்புளம் கொப்புளமாக எழும்பி, வெடித்த இடங்களில் துரு சீழ்போல வடிந்து காய்ந்திருந்தது. மறுபடி குரோம் ஏற்ற வேண்டாம், சுரண்டிக் கறுப்பு அடித்துக் கொடுத்தால் போதும் என்று குத்தகைக்காரர் சொல்லிவிட்டாராம். பட்டறை முதலாளியான தவுக்கே தூரத்தில் நின்றபடியே, "செப்பாட் லா, மருதா! செப்பாட்!" என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லி விரட்டிவிட்டு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓட்டுநர் இறங்கினான். மருதப்பனைப் பார்த்ததும் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

சுந்தரம். போன ஞாயிற்றுக்கிழமை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், தன் அத்தையோடு பஃபலோ ரோட்டு வீட்டுக்கு வந்து மருதப்பனின் தங்கை சந்திரமதியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன். கேசரி சாப்பிட்டான். லாரி ஓட்டுவதாகச் சொன்னான். அடக்கமான பையன் என்று அம்மா இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

மருதப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பம்பரின் அடியில் குனிந்தான். போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தன. சுந்தரம் மறுபக்கம் வந்து பம்பரைத் தாங்கிப் பிடித்தான். பம்பர் கழன்று தரையில் கவிழ்ந்தபோது அதன் உட்பக்கம் மேலே வந்தது. வளைவு முழுக்கக் கெட்டியாக அப்பி, மேலே காய்ந்து, உள்ளே ஈரமாக இருந்தது. அதிலிருந்து வெள்ளையாகச் சில நெளிந்தன.

மருதப்பன் சாக்கடைக்கு ஓடினான். காலையில் தின்ற இட்லி முழுதும் வந்தது. நிமிர்ந்தபோது சுந்தரம் குவளையில் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்தான். மருதப்பன் அந்தக் கையைப் பார்த்தான். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. விரல்கள் சுத்தமாகவே இருந்தன. ஆனாலும் அவனால் வாங்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கையைக் குவித்து வாயைக் கொப்பளித்தான். சுந்தரம் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுக் குவளையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தான்.

"லாரி ஓட்டுறேன்னு தானே சொன்ன?" ஞாயிற்றுக்கிழமை 'நீங்க' என்று கூப்பிட்ட அதே வாய்.

"லாரி தானே ஓட்டுறேன்."

"வாளியும் தூக்குவியா?"

"ஆளு வரலைன்னா தூக்குவேன்."

சுந்தரம் ஒரு தகரத் துண்டை எடுத்து உட்பக்கத்தைத் தானே சுரண்டினான், தண்ணீர் விட்டுக் கழுவினான். மருதப்பன் எட்டி நின்று பார்த்தான். தங்கையின் கழுத்தில் அந்தக் கை தாலி கட்டுவது கண்முன் வந்தது.

அன்று அவன் பொதுக் குழாயில் நெடுநேரம் குளித்தான். தோலெல்லாம் சிவக்கும்வரை சோப்புப் போட்டான். வீட்டில் சோற்றில் சாம்பாரைப் பிசைந்தபோது பம்பரின் உட்பக்கம் நினைவுக்கு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டான்.

"அந்தச் சம்பந்தம் வேணாம்மா. அவன் ஓட்டுறது பீ லாரி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நம்ம வீட்டுத் தட்டுல சாப்பிட்டானே!"

சந்திரமதி தட்டை எடுக்கக் குனிந்தவள், நிமிராமலே சொன்னாள்: "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கை கழுவ அடுப்படிக்கு வந்தப்பவே சொன்னாரு. அத்தை சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனா உங்ககிட்ட மறைக்க முடியாது, யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு."

"உனக்கு அருவருப்பா இல்லியா?"

"இருக்கு." "அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல. இப்பவும் நெனச்சா ஒரு மாதிரி தான் இருக்கு. ஆனா அண்ணே, போன வருஷம் என்னப் பொண்ணு பாக்க வந்த கிளார்க் இருக்காரே, ஊருல பொண்டாட்டி இருக்கிறத யாராவது நம்மகிட்ட சொன்னாங்களா? நாமளா தானே கண்டுபிடிச்சோம். நம்ம வீட்டு வாளியையும் ஒருத்தர் தான் வந்து எடுக்கிறாரு. பின்சந்துக் கதவு தெறக்கிற சத்தம் கேட்டா நீ போர்வைய இழுத்து மூடிக்குவ. அவரு மொகத்த நீ பாத்திருக்கியா?"

"அதுக்காக அவனக் கட்டிக்கணுமா?"

"அதுக்காக இல்ல," என்றாள். தட்டைக் கழுவ வெளியே போனாள்.

மறுநாள் மருதப்பன் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தான். இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த குரோமையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினான். வழுவழுப்பின் மேல் பெயிண்ட் நிற்காது. எத்தனை தேய்த்தாலும் துருக் குழிகளில் ஒரு மஞ்சள் கறை போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அதன் நாற்றம் சூடாகி எழுந்தது. லாரியின் மீது வந்த வெறுப்பு மெல்லத் தவுக்கே மீதும், மூக்கைப் பொத்திச் சிரித்த வெல்டிங்காரர்கள் மீதும், குவளையை வாங்காத தன் கை மீதும் பரவிற்று. எந்த வெறுப்பும் இன்னொன்றைக் குறைக்கவில்லை. ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டுக் கறுப்பு ஸ்பிரே அடித்தான்.

"வெளிப்பக்கம் மட்டும் போதும் லா, யாரு உள்ள பாக்கப் போறா?" என்றார் தவுக்கே. மருதப்பன் பம்பரைத் திருப்பிப் போட்டு உட்பக்கமும் அடித்தான்.

வியாழன் மதியம் சுந்தரம் வந்தான். இருவரும் பழைய செய்தித்தாளை மடித்துப் பிடித்துப் பம்பரைத் தூக்கிப் பொருத்தினார்கள். கடைசி போல்ட்டைச் சுந்தரமே இறுக்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு அத்தை வரணுமா, வேணாமா? நீங்க வேணாம்னா எனக்கு ஒரு கோவமும் இல்ல."

மருதப்பனுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பின்னாலிருந்த பெட்டிகளிலிருந்து வீசிய நாற்றம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. எச்சிலை விழுங்கவும் முடியவில்லை.

"வரச் சொல்லுங்க," என்றான். சொல்லிவிட்டுச் சாக்கடைப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினான்.

சுந்தரம் அதையும் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறி வண்டியைக் கிளப்பினான்.

மருதப்பன் கையைத் துடைத்தபடி தெருமுனை வரை நடந்தான். சிராங்கூன் ரோட்டில் லாரி, ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நடைபாதை முழுக்கக் கைகள் மூக்குக்குப் போயின. பூக்கடைக்காரர் கட்டி வைத்திருந்த மாலைகள் மீது ஓர் ஈரச் சாக்கை அவசரமாக இழுத்துப் போர்த்தினார். பஸ் நகர்ந்தது, லாரியும் நகர்ந்தது. அவர் சாக்கின் ஒரு ஓரத்தைத் தூக்கி, மல்லிகையின் மேல் குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி நாரை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.