ஐந்து லட்சத்துக்குக் கீழே

லேத் பட்டறைக்காரருக்குத் தன் பழைய பிக்கப் வண்டியைத் திட்டித் தீர்க்க ஒரே ஒரு நாள் வாய்த்தது. அதையும் மனுஷன் உருப்படியாகச் செய்யவில்லை.

அறுபது வருஷப் பழசான அந்த வண்டியைப் பதினோரு வருஷமாக, ஞாயிறு தவறாமல், தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டியிருந்தார். அது நிற்கும் கொட்டகை தனக்கு வேண்டும் என்றாள் தையல்காரியான அவர் மனைவி. படுக்கையறையில் மூன்று மெஷின்களுக்கு நடுவே எத்தனை நாள்தான் ஒருக்களித்துப் படுப்பது? கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மதிப்பீட்டாளர் வந்து சொல்லும் விலை ஐந்து லட்சத்தைத் தாண்டினால் விற்றுவிடுவது. கீழே என்றால் வண்டி அங்கேயே நிற்கும், அவள் வாயே திறக்கமாட்டாள். அவள் வாய் திறக்காமல் இருப்பது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம்.

மதிப்பீட்டாளர் நோட்டும் கையுமாகக் குனிந்து பார்த்தார். "எஞ்சின் வேற வண்டியோடது போலிருக்கே?"

"ஆமா சார், எங்கேயோ கெடந்தது. ஆயிலா குடிக்கும்" என்றார் பட்டறைக்காரர், அபாண்டமாக.

"பின்னாடி தொட்டியும் ஒரிஜினல் இல்ல."

"குத்துமதிப்பா வெட்டினது சார். கோணலாத்தான் இருக்கும்."

"ஏங்க, நேத்து வரைக்கும் தங்கத் தேருன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நாலரை லட்சம் போடலாம்" என்றார் மதிப்பீட்டாளர். பட்டறைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வண்டி தப்பித்தது!

மதிப்பீட்டாளர் சும்மா போயிருக்கலாம். போகிற போக்கில் கதவைத் தட்டினார். "இது மட்டும் வழவழன்னு இருக்கு. பள்ளத்துக்கெல்லாம் பட்டி அப்பி பெயிண்ட் அடிச்சிருப்பீங்க. இப்பல்லாம் எவன் தகடு தட்டறான்?"

"யாரப் பாத்துப் பட்டிங்கறீங்க?" மதிப்பீட்டாளர் சோதனைக்கென்று சட்டைப்பையில் வைத்திருந்த காந்தத்தைப் பட்டறைக்காரர் உருவிக் கதவில் வைத்தார். பட்டி இருந்தால் ஒட்டாது; இது டப்பென்று ஒட்டியது. நகர்த்தி நகர்த்தி வைத்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது. "ஒரே தகடு சார்! எட்டு மாசம் தட்டினேன்! எஞ்சின்ல ஒரு சொட்டு ஒழுகட்டும், என் காத அறுத்துக்கறேன். தொட்டியில நூல் புடிச்சுப் பாருங்க, எங்க கோணல்?"

தவளை தன் வாயால் கெட்டது. மதிப்பீட்டாளர் மறுபடி குனிந்தார், நூல் பிடித்தார், எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தார். நாலரையை அடித்துவிட்டு எழுதினார்.

"ஆறரை."

அப்போதுதான் பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. மனைவியைப் பார்த்தார். ஜெயித்தவள் அவள்தான், ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எட்டு மாசமும் இவர் கொட்டகையில் சும்மா எதையோ தட்டிப் பொழுதைப் போக்குகிறார் என்றே நினைத்திருந்தாள்.

"வேணும்னா இன்னொரு வருஷம் போகட்டுமேங்க" என்றாள்.

"சொன்ன சொல் சொன்னதுதான்." கண் கலங்கியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினார்.

"ஏழு போடுங்க சார். ஹெட்லைட்டு வளையத்த நீங்க சரியாப் பாக்கல."