மாடியில் வைத்த கூட்டம்

மாற்றுத்திறனாளிகளுக்கான நியமன உறுப்பினராகத் தங்கச்செல்வி பேரூராட்சியில் தன் முதல் கூட்டத்துக்கு வந்தாள். கூட்டம் மாடியில். பணியாளர்கள் இருவர் அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள்.

நாலாவது படியில் நாற்காலி பின்பக்கம் சரிந்தது. முன்பு பாலவனத்தத்தில் ஒரு கல்யாணத்தில் இப்படித் தூக்கியபோதுதான் கை வழுக்கி, அவள் தோள்பட்டை முறிந்தது.

"அண்ணே, இறக்கிருங்க."

"பயப்படாதீகம்மா, நாங்க இருக்கோம்ல," என்றார் மூத்தவரான மாரீஸ்வரன்.

"வேண்டாம்ணே. கூட்டத்தைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் பெரிய பயம் வந்தது. முதல் நாளே திமிர் என்பார்கள். தலைவர் நினைத்தால் பேரூராட்சிக்குச் சொந்தமான பஸ் ஸ்டாண்டில் இருக்கும் அவளுடைய ஜெராக்ஸ் கடையைக் காலி செய்யச் சொல்லலாம்.

அவளைக் கீழே விட்டுவிட்டு மாரீஸ்வரன் மேலே போனார். மாடியில் யாரோ கோபமாகப் பேசுவது கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தாள்.

முதலில் இறங்கி வந்தவர் தலைவர் கோகிலாம்பாள். முகத்தில் சிரிப்பில்லை.

"வரி கட்டுற இடத்துல பெஞ்சை எடுத்துப் போடுங்கப்பா. இங்கயே உக்காருவோம்," என்றார்.

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க," என்றார் தலைவர்.

தங்கச்செல்வி தாளைப் பிரித்தாள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குச் சாய்தளம் வேண்டும் என்று வாசிக்கத் தொடங்கினாள்.