சாட்சிகள் பாடினார்கள்

நாடாளுமன்ற மாளிகையின் பக்கவாட்டு வாசலில் காவலர் என் சுடுநீர்க் குடுவையைத் திறந்து மோந்து பார்த்தார். மாத்தே இலைத் தேநீர் குடிக்க வெந்நீர் இல்லாமல் மொந்தெவிதெயோ நகரத்துக்காரர் யாரும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று உளவுத் துறையின் மீதான விசாரணை. எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். "கொண்டு போங்கம்மா. எனக்கும் ஒரு வாய் குடுத்துட்டுப் போங்க," என்றார். கொடுத்தேன். என் பின்னால் கசாப்புக்கடை வில்மார், தன் கல்யாணக் கோட்டின் பொத்தானைப் பூட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். அவனுக்கும் பின்னால், சுவரை ஒட்டியபடி எடிசன். சாட்சி சொல்ல வந்தவன் அவன்தான். நாங்கள் இருவரும் துணைக்கு வந்தவர்கள்.

மூவரும் இளவயதில் ஒரே முர்காவில் பாடியவர்கள். முகத்தில் வண்ணம் பூசி, ஜிகினாச் சட்டை மாட்டி, கார்னிவல் திருவிழா முழுக்கத் தெருமேடைகளில் ஆட்சியாளர்களை நக்கலடித்துப் பாடும் கூட்டம் எங்களுடையது. நான் மெட்டுப் போடுவேன். வில்மாருக்குக் கட்டைக்குரல். எடிசன் ஜால்ரா. ராணுவ ஆட்சி போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இனி ஒட்டுக்கேட்க யாரும் இல்லை என்று நம்பி, தொண்டை கிழியப் பாடினோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் வில்மார் வீட்டு முற்றத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தோம். வானொலியில் உளவுத் துறையின் பழைய அதிகாரி ஒருவர் விசாரணைக் குழுவிடம் சொன்னதை வாசித்தார்கள்: மக்களாட்சி வந்தபின் உள்நாட்டுக் குடிமக்கள் எவரையும் அவர்கள் வேவு பார்த்ததே இல்லையாம். எடிசன் தட்டைக் கீழே வைத்தான்.

"பொய் சொல்றான். உங்க நடுவுல உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் எழுதிக் குடுத்தது நான்தான்."

நாங்கள் பாடிய அந்த நாட்களில்தான் துறைமுகத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும் என்று உளவுத் துறையினர் மிரட்டியிருக்கிறார்கள். வில்மார் கறி திருப்பும் இடுக்கியை நெருப்போரம் வைத்தான். பிறகு, "அடப்பாவி! எங்களுக்கும் ஜால்ரா, அவனுங்களுக்கும் ஜால்ராவா? இத்தன வருஷமா என் கடையில நல்ல கறியா பாத்துப் பாத்து வாங்கித் தின்னியேடா!" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து எடிசன் சொன்னதில் அது நின்றுபோனது.

"நெலிதா, உனக்குத் தலைமையாசிரியை வேலை கெடைக்காமப் போச்சே... அது என்னாலதான். வியாழக்கிழமையானா உன் வீட்ல கூட்டம் நடக்குதுன்னு எழுதுனேன். எழுத வேற ஒண்ணுமே இல்ல."

வியாழக்கிழமைகளில் என் வீட்டில் நாங்கள் சட்டைகளுக்கு ஜிகினா தைத்தோம். அவனும்தான் தைத்தான். எங்கள் எல்லோரையும்விட அவன் தையல் நேர்த்தியாக இருக்கும். பதினைந்து நாள் அவனுடன் பேசவில்லை. வீட்டில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன். ஏன் அந்தப் பதவி தரவில்லை என்று யாரிடம் கேட்டும் பதில் வராத அந்த வருடங்களில், குறை என்னிடம்தான் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்! உளவுத் துறை ஆண்டுதோறும் தன் உள்நாட்டு வேலைகளுக்கு நாடாளுமன்றத்திடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற மசோதா, சாட்சி இல்லாமல் குழுவில் தோற்கப்போகிறது என்று வானொலியில் கேட்ட அன்று அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எங்ககிட்ட சொன்னா ஆச்சா? அங்க போய்ச் சொல்லு."

"தனியாப் போக பயமா இருக்கு நெலிதா."

"தனியாப் போன்னு யாரு சொன்னா?"

குழுவின் அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. தலைமை நாற்காலியில் செனட்டர் ஸுல்மா இரிகோயன். எடிசன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். உடனே துறைக்கு வேண்டியவரான செனட்டர் லாரோக்கா எழுந்தார்.

"நீங்க அந்தப் பாட்டுக் குழுவுல இருந்தீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்? ஒரு போட்டோ உண்டா?"

"இருக்குங்கய்யா. ஆனா எல்லாத்துலயும் மூஞ்சில சாயம்."

பார்வையாளர் வரிசையில் சிரிப்பு. "இவங்க ரெண்டு பேரும் உங்க சிநேகிதங்க. இவங்க சொல்றது சாட்சியாகாது," என்றார் லாரோக்கா.

செனட்டர் இரிகோயன் தன் முன்னால் இருந்த, துறை தன்னுடையதல்ல என்று மறுத்திருந்த பழைய உளவு அறிக்கையைப் புரட்டினார். "இதுல ஒரு பாட்டு இருக்கு. கடைசிவரைக்கும் மேடையேறாத பாட்டுன்னு குறிச்சிருக்காங்க. இந்தத் தாள் வெளியில யாருக்கும் போகல. முதல் வரிய நான் வாசிக்கிறேன். மிச்சத்தச் சொல்லுங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "மழையிலே நனையுது கறுப்புக் கண்ணாடி..."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கட்டிய பாட்டு. அதை மேடையில் பாடவே கூடாது என்று அழாத குறையாக அடம்பிடித்தவன் எடிசன்தான். பயந்தாங்கொள்ளி என்று அன்று அவனைக் கேலி செய்தோம். கூட்டத்தில் யார் நின்று கேட்பார்கள் என்று தெரிந்து, எங்களுக்காகத்தான் பயந்தான் என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

எடிசன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. லாரோக்கா சாய்ந்து உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். சொல்லிக்கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் சுருதி கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. உதட்டை மூடியபடி மெல்ல ம்ம்ம் என்றேன். பக்கத்தில் வில்மாரின் கட்டைக்குரலும் எழும்பியது, பெஞ்சு அதிர்ந்தது. எடிசன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்:

"மரத்தடியில் நிக்கிற மாமா யாரடி?
ஒட்டுக் கேட்டு ஒட்டுக் கேட்டுக் காது நீண்டுபோச்சு,
உள்ள வந்து பாடுங்களேன், மழை கூடிப்போச்சு!"

கடைசி வரியை மூவரும் சேர்ந்தே பாடிவிட்டோம். அது அப்படித்தான், தனியாகப் பாட முடியாத வரி. பார்வையாளர்கள் கைதட்டினார்கள். லாரோக்காவின் கட்சிக்காரரான ஒரு தாடிக்கார செனட்டர் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை உணர்ந்து, சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டார். இரிகோயன் மணியை அடித்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் முகம் சிவந்திருந்தது. அறிக்கையை லாரோக்காவிடம் நீட்டினார். "ஒரு எழுத்து பிசகல." சுருக்கெழுத்தர் தயங்கியபடி இரிகோயனிடம், "இத எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டார்.

"நடந்ததத்தான எழுதணும்? சாட்சிகள் பாடினார்கள்னு எழுதுங்க."

மசோதா குழுவைத் தாண்டியது, ஒரே ஓட்டு வித்தியாசத்தில். தாடிக்காரரின் ஓட்டு என்று பிறகு சொன்னார்கள். வில்மார் வராந்தாவிலேயே என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்; கோட்டுப் பொத்தான் தெறித்து எங்கோ உருண்டோடியது.

பேருந்தில் கூட்டம். வானொலி நேரலையில் கேட்டிருந்த ஓட்டுநர் எங்கள் குரல்களை அடையாளம் கண்டு, "பாட்டப் பாடுனாத்தான் வண்டி நகரும்!" என்று அடம்பிடித்தார். வில்மார் ஆரம்பித்தான். காய்கறிப் பையோடு நின்ற பெண்ணும், பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்களும் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள். எடிசன் பின்வாசல் வழியாக ஏறியிருந்தான். நடுவில் அத்தனை தலைகள். நான் அவனை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, பாடிக்கொண்டிருந்தேன். துறைமுகச் சாலையில் அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, உப்புக் காற்று உள்ளே வந்தது, கதவு மூடியது. தலைகளுக்கு மேலே, கம்பியைப் பிடித்திருந்த அவன் கை அங்கேயே இருந்தது. விரல்கள் மட்டும் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன.