மீன்காரி சிக்ருனின் முறை

எங்கள் ஆட்டத்திலேயே நல்ல வாய் படைத்தவளை, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக, நானே வெளியே அனுப்பப் பார்த்தேன். பழியில் பாதியை டோர்கெல் தலையில் கட்டலாம், அவன் மறுக்கவும் மாட்டான். ஆனால் அந்தக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கியது நான்தான்.

உப்புத்துறையை நீங்கள் வரைபடத்தில் தேட வேண்டாம். தொண்ணூற்று நான்கில், கோதன்பர்க் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வெறும் எழுத்தால் கட்டிய துறைமுகம் அது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். ஆளுக்கு ஒரு வேடம். தன் வேடம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று ஒருவர் ஒரு பத்தி எழுதுவார். அதைப் படித்துவிட்டு அடுத்தவர் எழுதுவார். நான் துறைமுக அதிகாரி. டோர்கெல் குடிகாரப் பாதிரி. ஹில்லெவி கலங்கரை விளக்கக் காவலாளி, நிஜத்தில் நூலகத்தில் வேலை பார்ப்பவள், இரண்டு இடத்திலும் அதிகம் பேசமாட்டாள். ஆரம்பித்தவர்களில் மிஞ்சியது நாங்கள் மூவர்தான். பிறகு வந்து சேர்ந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள்.

இரண்டே சட்டங்கள். ஒருவர் முறை வந்துவிட்டால் அவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது, வெளியே நீ யார் என்று யாரையும் கேட்கக் கூடாது. இரண்டையும் எழுதி வைத்த புண்ணியவதி நான். என் பெயர் வெண்டெலா. நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் வேலை, பொறுமை கொஞ்சம் கம்மி.

சிக்ருன் வந்து பதினான்கு வருடம். மீன்காரி வேடம். முதல் நாளே என்னைப் பார்த்து, "அதிகாரி ஐயாவுக்குத் தொப்பி புதுசு, தலைதான் பழசு" என்று ஒரு வரி போட்டாள். சமையலறையில் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கப்புறம் அவள் இல்லாத காட்சி எனக்குச் சப்பென்றுதான் இருந்தது.

ஆனால் ஒரு வரிக்குப் பதினோரு நிமிடம். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவள் முறை வந்தால் நான் எழுந்து போய்த் துணி மடிப்பேன், உருளைக்கிழங்கு உரிப்பேன், திரும்பி வந்து பார்ப்பேன், ஒன்றும் வந்திருக்காது. "அடியே, மீனைத்தான் விக்கிறியா, இல்ல கடலுக்குப் போயிப் பிடிச்சுட்டு வர்றியா" என்று திரையைப் பார்த்துத் திட்டுவேன். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஆடுகிறாள், ஒரு கையில் போன், இன்னொரு கையில் பிள்ளை என்று நானே அவளுக்கு ஒரு வீடு கட்டி வைத்திருந்தேன்.

இந்த வருடம் ஜனவரியில் கடிதம் வந்தது. எங்கள் சர்வரைத் தன் கிடங்கில் வைத்திருந்த மனிதர் ஓய்வு பெறுகிறார், ஜூன் மாதத்தோடு எல்லாவற்றையும் நிறுத்துகிறார். ஆட்டத்தின் மென்பொருளோ கிழட்டுச் சரக்கு, புது மெஷினில் ஏறாது. வேறு தளம் பார்த்தே ஆக வேண்டும்.

எங்களைப் போன்ற ஆட்கள் எதில் சாவார்கள் தெரியுமா? இதில்தான். எந்தத் தளம் நல்லது என்று பட்டியல் போட்டு, ஒப்பிட்டு, சண்டை போட்டு, கடைசியில் ஆட்டமே ஆடாமல் கலைந்துபோன ஐந்து குழுக்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே சனிக்கிழமை, ஒரே உட்காரலில் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பேரையும் நகரத்தின் மயோர்னா பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். காபி போட்டேன், ஏலக்காய் பன் சுட்டேன். டோர்கெல் பதினேழு பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"பதினேழு பக்கமா? நீ என்ன கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கவா வந்திருக்க?" என்றேன்.

"பொண்ணு தப்பா அமைஞ்சா விட்டுட்டுப் போயிடலாம். சர்வர் தப்பா அமைஞ்சா முப்பது வருஷம் அழணும்." பன்னை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்.

கழித்ததுபோக மிச்சம் மூன்று தளங்கள் இருந்தன. ஒன்று, எங்கள் பழையதின் வம்சத்திலேயே வந்தது. ஓடும், ஆனால் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் பத்துப் பேர்கூட இல்லை. இரண்டாவது, வெறும் அடித்தளம். சுவர், கதவு எல்லாம் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, சாவியைக் கையில் கொடுக்கிற மாதிரித் தயாராக நிற்பது. தனித்தனிப் பக்கங்கள், வேடத்துக்குப் படம், ஊருக்கு வண்ண வரைபடம், யாராவது எழுதிக்கொண்டிருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் துடிக்கிற மூன்று புள்ளி. டோர்கெல் ஏற்கனவே மூன்று வாரம் உட்கார்ந்து உப்புத்துறைக்கு அதில் வரைபடம் போட்டுவிட்டான். காட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஐம்பத்தெட்டு வயது மனிதன் மாதிரியே இல்லை.

"அதுல முறைக்குக் கடிகாரமும் இருக்கு," என்றான். "அஞ்சு நிமிஷத்துல எழுதலன்னா முறை தானா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"அத முதல்ல சொல்ல மாட்டியா நீ," என்றேன். "இதுதான் வேணும் எனக்கு. முடிஞ்சுது, காபியக் குடி."

ஹில்லெவி கோப்பையைக் கீழே வைத்தாள். "சிக்ருன் என்ன பண்ணுவா?"

"அடுப்ப அணைச்சுட்டு வருவா," என்றேன். டோர்கெல் சிரித்தான். இரண்டுக்கு ஒன்று, முடிவாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளோட்டம். படகு வந்து இறங்குகிறது, துறைமுகமே திரண்டிருக்கிறது, பதினோரு பேர் ஒரே காட்சியில். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முறை சக்கரமாகச் சுற்றியது. சிக்ருனிடம் வந்தது, ஐந்து நிமிடம் ஆனது, தாண்டிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி தாண்டியது. மூன்றாம் சுற்றில், எல்லோரும் பேசி முடித்து, படகில் வந்த மாலுமி படுத்துத் தூங்கிய பிறகு, எப்போதோ நடந்த ஒரு விஷயத்துக்கு அவள் பதில் வந்து விழுந்தது. நல்ல வரிதான். ஆனால் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளி மாதிரி நின்றது. போன மாதம்தான் சேர்ந்த காவல்காரன் வேடக்காரர், "கிழவிக்குப் போதை ஏறிடுச்சு போல, யாராவது வீட்டுல கொண்டு போய் விடுங்கப்பா" என்று எழுதினார். எல்லோரும் சிரிப்பு போட்டார்கள். நானும் போட்டேன்.

ஆறாவது சுற்றில், அதாவது ஒரு மணி நேரம் கழித்து, அவளிடமிருந்து ஒரே வரி வந்தது. "சிக்ருன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறாள்." அவ்வளவுதான். மறுநாள் பழைய சர்வரில், மீன்கடையின் கதவில் ஒரு அறிவிப்புப் பலகை தொங்கியது. கடை காலி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நான் கோபப்பட்டேன். ஒரு கடிகாரத்துக்கு இவ்வளவு ரோஷமா என்று டோர்கெல்லிடம் போனில் கத்தினேன். அவனை அடுத்து ஹில்லெவி கூப்பிட்டாள். அவள் போன் செய்கிற ஆளே இல்லை.

"நேத்து அவ பேர் பக்கத்துல அந்த மூணு புள்ளியப் பாத்தியா?" என்றாள்.

"இல்ல. ஏன்?"

"நான் பாத்துட்டே இருந்தேன். ஒரு மணி நேரமும் துடிச்சுட்டே இருந்துச்சு வெண்டெலா. ஒரு தடவகூட அணையல. அவ சமைக்கல, போன் பேசல. எழுதிட்டேதான் இருந்தா."

எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடமாக நான் அவளுக்குக் கட்டி வைத்திருந்த அடுப்பும் குழம்பும் பிள்ளையும் எல்லாம் பொய். ஐந்து நிமிடம் முழுக்க எழுதுகிறவளுக்கு ஒரு வரி ஏன் முடியவில்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததே இல்லை. கேட்கக் கூடாது என்று சட்டம் வேறு போட்டுவிட்டு, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கே என் சட்டத்தை நானே மீறினேன். "நீ வெளியே யார் என்று கேட்கிறேன். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் என்னைத் திட்டிவிட்டுப் போ" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. வேலையில் மனம் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் டிராமில் போகும்போது வந்தது.

"நீ கேட்டதால சொல்றேன். சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தசை வியாதி. கை கால் அசையாது. பேசுவேன், ஆனா எங்க அக்காவுக்கு மட்டும்தான் புரியும். திரையில எழுத்தெல்லாம் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்து, பார்வைய அது மேலயே நிறுத்துனா அந்த எழுத்து விழும். ஒரு பத்திக்குப் பதினோரு நிமிஷம். வெள்ளோட்டத்துக்கு முன்னாடி வாரம் பூரா பழகிப் பாத்தேன், ஒன்பதுக்குக் கீழ வரல. வெளிய நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா மிச்சத்த மத்தவங்க முடிச்சுடுவாங்க. நல்ல மனசோடதான். ஆனா எப்பவும் தப்பா முடிப்பாங்க. உங்க துறைமுகத்துல மட்டும்தான் யாரும் முடிக்கல. தெரிஞ்சுதான் எல்லாரும் காத்திருக்கீங்கன்னு நெனச்சேன். கடிகாரம் வந்ததும், சரி, இவ்வளவு நாள் காத்திருந்தாங்க, போதும்னு தோணிடுச்சு போலன்னு விட்டுட்டேன். கோவம் இல்ல. என் நிஜப் பேரு மைக்கன்."

இறங்க வேண்டிய நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. தெரிந்துதான் காத்திருந்தோமாம். நான் என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்று எனக்குத்தானே தெரியும். வெட்கத்தில் முகம் எரிந்தது, பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆமாம், தெரிந்துதான் என்று எழுதியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அதை எழுதி, அழித்தேன். உள்ளதைச் சொன்னேன். "எங்களுக்குத் தெரியாது மைக்கன். நான் பதினான்கு வருடமும் உன்னைத் திட்டிக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தேன். கடிகாரம் கேட்டதும் நான்தான். நீ போகாதே."

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. "திட்டுனது தெரியும். என் கடையப் பாத்தா உன் அதிகாரி விடுற பெருமூச்சுல பாதி உன்னோடதுன்னு முதல் வருஷமே கண்டுபிடிச்சுட்டேன். கடிகாரம் இருந்தா என்னால முடியாது. இல்லன்னா வர்றேன்."

சனிக்கிழமை மறுபடி என் சமையலறை. மைக்கனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இருவருக்கும் கடிதத்தைக் காட்டினேன். டோர்கெல் இரண்டு தடவை படித்தான். மூக்கைச் சிந்தினான்.

"கடிகாரத்த மட்டும் அணைச்சுடலாமே," என்றேன்.

"முடியாது. அதுல முறை வரிசையும் கடிகாரமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. கடிகாரத்த அணைச்சா வரிசையும் போயிடும், ஆளாளுக்குக் கத்துவாங்க. அவ ஒரு எழுத்துப் போடறதுக்குள்ள இருபது வரி அவ மேல விழும்." பதினேழு பக்கத்தையும் புரட்டினான். "ரெண்டாவதுதான். வெறும் அடித்தளம். வரிசைய நானே எழுதறேன், முறை ஒருத்தர்கிட்ட வந்தா அவர் எழுதி முடிக்கிறவரை அங்கேயே நிக்கற மாதிரி. ஆறு வாரம் ஆகும்."

"உன் வரைபடம்?"

"அதுல படமே வராது வெண்டெலா. போகட்டும் விடு." அப்படிச் சொன்னானே தவிர, கிளம்பும்போது பதினேழு பக்கத்தை எடுத்துப் போனவன், வரைபடம் அச்சடித்த தாளை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டான். அதை என் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடிகாரம் இல்லை என்று சொன்னதும் மூன்று பேர் வேறு ஆட்டத்துக்குப் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், நானும் கொஞ்ச நாள் முன்புவரை அந்தக் கட்சிதான்.

ஜூன் கடைசியில், கோடை நடுநாள் விடுமுறை முடிந்த ஞாயிறு மத்தியானம், புது வீட்டில் முதல் காட்சி. பழையது மாதிரியே கறுப்பில் வெள்ளை எழுத்து. துறைமுகத்துச் சுங்கச்சாவடிச் சுவரில் எழுத்தாலேயே ஒரு கடிகாரம் மாட்டினேன், முள் ஓடாதது. யாரிடமும் சொல்லவில்லை. நான்கு பேர் எழுதினோம், முறை சிக்ருனிடம் வந்தது.

ஆறு நிமிடம் போனது. காவல்காரர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "அந்தம்மா இருக்காங்களா, போயிட்டாங்களா?"

"இருக்கா," என்று எழுதினேன். "அவ முறை."

புது உருளைக்கிழங்கு ஒரு கிண்ணம் மடியில் இருந்தது. ஒன்றைக்கூட உரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏழு, எட்டு, ஒன்பது. யாரும் ஒரு எழுத்துப் போடவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் விழுந்தது.

"சிக்ருன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுங்கச்சாவடிக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். 'ஓடலையா? நல்லதாப் போச்சு. அதிகாரி ஐயா, இப்படி வந்து உக்காருங்க. பதினாலு வருஷத்துப் பெருமூச்சுக்குப் பதில் பாக்கி இருக்கு. ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்.'"

துறைமுக அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று எழுதினேன்.