சோதிக்கும் எழுத்து

லக்சன் வேலைக்கு வந்த நாளிலிருந்தே கீர்த்தனிக்கு அவன்மேல் சந்தேகம். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் முக்கிய வேலை ஒன்றுதான்: பின்னேரம் நாலு மணிக்குக் காற்று எச்சரிக்கையைக் குச்சவெளி மீனவர்களின் போனுக்கு அனுப்புவது. இதே வேலைக்கு ஒப்பந்தம் கேட்டுத் தோற்றுப்போன கொம்பனியில் முன்பு இருந்தவன் லக்சன். அங்கிருந்தவனுக்கு இங்கே என்ன அலுவல்? எல்லாரும் தேத்தண்ணிக்குப் போன பிறகும் கணினியில் என்ன பார்வை? அவளைக் கண்டதும் ஏன் எழும்புகிறான்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

செய்தி அனுப்பும், பேர்ள் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலில் இவன் என்றைக்காவது கைவைப்பான் என்று முடிவுகட்டினாள். அதை ஓட்டும் கட்டளையில் ‘-c’ என்று சேர்த்துவிட்டாள். நிரலைச் சோதிக்கும் எழுத்து அது. சோதித்துவிட்டு ஓட்டும் என்பது அவள் நினைப்பு. அடுத்த நாலு நாளும் பிழையில்லை என்றே திரையில் வந்தது. கள்ளன் இன்னும் தொடவில்லை, பார்ப்போம் என்று கறுவிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை முகாமையாளர் பாக்கியரத்தினம் முகம் சிவக்க வந்தார்.

"நாலு நாளா ஒருத்தருக்கும் மெசேஜ் போகேல்லையாம். ரெண்டு வள்ளம் வாடைக் காத்தில அம்பிட்டு, சனம் அரும்பொட்டில தப்பி வந்திருக்கு."

"லக்சன்ர வேலைதான் சேர். நான் முதலே நினைச்சனான்."

"அப்பிடியெண்டால் தம்பி, நாளைக்கு நீர் வரத் தேவையில்லை."

லக்சன் கணினியைத் திறந்து கட்டளையைப் பார்த்தான்.

"சேர், இதில ‘-c’ கிடக்கு. இது நிரலில இலக்கணப் பிழை இருக்கோ எண்டு மட்டும்தான் பாக்கும். ஓட்டாது. ஒரு மெசேஜும் வெளிய போகாது."

கீர்த்தனி கிட்டப் போய்த் திரையைப் பார்த்தாள்.

"இதை ஆர் போட்டது?" அவர் லக்சனைத்தான் முறைத்தார்.

அலுவலகத்துக்கே ஒரு கணினி, ஒரு கடவுச்சொல். வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் பழி அவன் தலையில் விழும். இருப்போமா என்றுகூட ஒருகணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே என்று வெட்கமாக இருந்தது.

"நான்தான் சேர். லக்சனை நம்பாமல் போட்டனான்."

பாக்கியரத்தினம் கதிரையில் தொப்பென்று இருந்தார். லக்சன் எழும்பி விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான்.

"அந்த ‘-c’யை நீங்களே எடுங்கோ அக்கா. நான் தொட்டால் உங்களுக்கு நித்திரை வராது."