மனுவில் பெய்த மழை

1

இந்தக் கதையை நான் முதலில் கதையாக எழுதவில்லை. கோயமுத்தூர் நுகர்வோர் மன்றத்தில் கொடுப்பதற்கான புகார் மனுவாகத்தான் எழுதினேன். மூன்று பக்கம், ஒரே மூச்சில். பதினெட்டு வருடமாக வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு மூன்று பக்கமெல்லாம் காலைக் காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் எழுதியவற்றில், ஒருவர் வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படித்தது அந்த மனு ஒன்றைத்தான். அவர் எதிர்த் தரப்பு வக்கீல். அந்த அடிக்கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மனுதாரர் பெயர் கிட்டுசாமி. அருள்புரத்தில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவர். (கதையில் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "மாத்துனா அது வேற ஆராச்சும்னு ஆயிருமுங்களே" என்றார். மாற்றவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "விமானம் என்னும் இரும்புப் பறவை தன் சிறகுகளை"

வேண்டாம்.

இரண்டாம் முயற்சி: "கிட்டுசாமி அதுநாள்வரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தார்." நல்ல வாக்கியம்தான். ஆனால் பொய். மனிதர் ஏற்கெனவே இரண்டு முறை டில்லிக்குப் பறந்திருக்கிறார். முதல் முறை ஏறுகிறவர் என்று எழுதினால் உங்களுக்கு இரக்கம் கூடுதலாக வரும் என்று கை போய்விட்டது. இந்தக் கையால்தான் இத்தனை வினையும்.

நடந்ததைச் சொல்கிறேன். 2006 ஏப்ரல் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. பத்து மணி மும்பை விமானத்துக்குக் கிட்டுசாமி எட்டு மணிக்கே கோயமுத்தூர் பீளமேடு விமான நிலையத்தில் இருந்தார். மும்பையில் ஓர் ஓட்டல் அறையில் மாலை நான்கு மணி வரை ஒரு ஜெர்மனிக்காரர் உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் டீ-சர்ட் சாம்பிள்களை இழுத்துப் பார்த்து, தையலைப் புரட்டிப் பார்த்து, பிடித்தால் அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டு இரவே ஊருக்குப் பறந்துவிடுவார். அதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிட்டுசாமிக்குச் சொந்தப் பெயரில் வரவிருந்த முதல் ஆர்டர் அது. கசங்கிவிடும் என்று ஆறு டீ-சர்ட்டையும் பெட்டியில் வைக்காமல் ஹேங்கரோடு கையில் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பத்து மணி பதினொன்றரை ஆனது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போய், "ஏனுங்க அம்மிணி, பிளேன் அங்கதான நிக்குது, ஏன் எடுக்கல?" என்று கேட்டார்.

"பைலட் வந்துட்டிருக்காங்க சார்."

"எங்கிருந்துங்க?"

"ஹைதராபாத்ல இருந்து."

கிட்டுசாமிக்கு இது புதிதில்லை. டெய்லர் வராமல் மெஷின் சும்மா நிற்பதை அவர் தினமும் பார்க்கிறவர். ஆகவே கோபப்படாமல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை வெயிலில் கானல் அடித்துக் கிடந்தது. விமானம் மூன்றரைக்குக் கிளம்பியது. அவர் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

3

இந்த இடத்தில் ஏஜென்ட் ஞானசம்பந்தத்தைக் கொஞ்சம் கொடுமைக்காரராகக் காட்டியிருந்தேன். தங்கப் பல், சுழல் நாற்காலி எல்லாம் கொடுத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். வெளிநாட்டு ஆர்டர்களைச் சின்னக் கம்பெனிகளுக்குப் பிடித்துக் கொடுக்கிற அந்த மனிதர் கேட்டது நியாயம்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு எங்கே என்று யார் போனில் கேட்டாலும், "வண்டி கெளம்பிருச்சுங்க" என்போம். துணி அப்போது சாயப்பட்டறையில் நனைந்துகொண்டிருக்கும். கேட்கிறவருக்கும் அது தெரியும்.* கிட்டுசாமியும் எட்டு வருடமாக ஞானசம்பந்தத்திடம் அதைத்தான் சொல்லிவந்தார்.

(* நானும் ஆசிரியரிடம், "அத்தியாயம் கூரியர்ல போட்டாச்சுங்க" என்று சொல்கிறவன்தான். யாரையும் குறை சொல்லும் நிலையில் இல்லை.)

மும்பையிலிருந்து திரும்பியதும் கிட்டுசாமி அவர் அலுவலகத்துக்குப் போனார்.

"பிளேன் லேட்டுங்க."

"எத்தன லேட்டுங்க?"

"அஞ்சர மணி நேரமுங்க."

"போன மாசம் வண்டி கெளம்பிருச்சுன்னீங்க. அது நாலு நாளுங்க. அதுக்கு இது பரவால்லீங்க."

கிட்டுசாமி போர்டிங் பாஸை எடுத்து நீட்டினார். அதில் புறப்படும் நேரம் பத்து மணி என்றுதான் அச்சாகியிருந்தது. ஞானசம்பந்தம் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பத்துன்னுதான போட்டிருக்குது. பாம்பேய நல்லாச் சுத்திப் பாத்தீங்களாக்கும்."

சற்று நேரம் கழித்து அவரே இறங்கி வந்தார். "டிசம்பர்ல அந்த ஆளு மறுபடி வர்றாருங்க. எங்க தப்புன்னு பிளேன்காரன் எழுதிக் குடுக்கோணும், இல்லீன்னா கோர்ட்டு சொல்லோணும். அப்படி வந்தா அவரு பாக்கற கம்பெனி லிஸ்ட்டுல உங்க பேரைச் சேத்திக்கறேன். உங்க வாயால சொன்னா நம்பறதுக்கு இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க."

விமானக் கம்பெனி பதில் போட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி. யார் தப்பு என்பதற்கு மூன்றாவது வரி இல்லை.

4

அப்போதுதான் பல்லடத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடிக் கிட்டுசாமி வந்தார். "வக்கீல் வெச்சா இழுத்துப்போடுவாருங்க. நீங்க எழுதறவரு. நாலு வரி எழுதிக் குடுங்க."

"இழப்பீடு எவ்வளவு கேட்கலாம்?"

"காசெல்லாம் வேண்டாமுங்க. லேட்டு அவங்களாலதான்னு ஒரு தாள் வந்தாப் போதும்."

தொகை போடாமல் மனு வாங்கமாட்டார்கள் என்பதால் ஐம்பதாயிரம் என்று போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தொடர்கதைக்காரன். முதல் பத்தியிலேயே வாசகரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும் என்பது பழக்கதோஷம். இப்படித் தொடங்கினேன்:

"பீளமேட்டு வானில் கார்மேகங்கள் திரண்டு நின்றன. கிட்டுசாமியின் மனதைப் போலவே அவையும் கனத்திருந்தன. சட்டென்று மழை கொட்டத் தொடங்கியது."

கிட்டுசாமி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பரில் எதிர்த் தரப்பின் பதில், அடிக்கோடிட்ட மனு நகலோடு வந்தது. சாரம் இதுதான்: அன்று பலத்த மழை பெய்ததாக மனுதாரரே தம் மனுவின் முதல் பத்தியில் தெளிவாகக் கூறியிருக்கிறார். மோசமான வானிலைக்கு எங்கள் கம்பெனி பொறுப்பாகாது. மனுவைத் தள்ளுபடி செய்யவேண்டும்.

கிட்டுசாமி அதை எடுத்துக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சுங்களே."

"ஒரு சூழ்நிலைக்காக எழுதினேன்" என்றேன். "நீங்களும் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"படிச்சனுங்க. மழைன்னு இருந்ததயும் பாத்தனுங்க. எழுதறவரு, ஏதோ காரணமாத்தான் போட்டிருப்பீங்கன்னு உட்டுட்டனுங்க. எங்கூட்டுக்காரி கோமளா அந்த எடத்துல அழுதுட்டாளுங்க. நல்லா எழுதியிருக்கறவருகிட்டப் போயி அத எடுங்கன்னு எப்படிங்க சொல்றது?"

என் எழுத்தைப் படித்து அழுததாக வாசகிகள் எத்தனையோ பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். முதன்முறையாக அதைக் கேட்டு எனக்கு வியர்த்தது.

5

விசாரணை நவம்பர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை. கையில் இருக்கும் முடிவுகளைப் பார்ப்போம்.

முடிவு அ: வானிலை அலுவலகத்தில் அன்றைய மழை அளவைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது. சுழியம் என்று இருக்கும். நீங்களும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அந்தத் தாள், மழை இல்லை என்பதோடு, மனுதாரர் கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னார் என்பதையும் சேர்த்தே நிரூபிக்கும்.

முடிவு ஆ: நானே கூண்டில் ஏறி, "மழை என் கற்பனை" என்று சொல்வது. "பைலட் வராததும் உங்கள் கற்பனையா?" என்று அந்த வக்கீல் கேட்பார். அவர் கவனமாகப் படிக்கிறவர்.

முடிவு இ: கவுண்டரில் இருந்த அந்தப் பெண் மனச்சாட்சி உறுத்தி, கடைசி நிமிடத்தில் மன்றத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க

இது பழைய கை. அதைக் கட்டிப்போட்டிருக்கிறேன்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதுதான் கிட்டுசாமியின் ஒரே குறை. அதை மூன்று பக்கத்தில், முத்திரையோடு, நான் அரசாங்கக் கோப்பில் ஏற்றிவிட்டேன்.

6

நேற்று மறுபடியும் வந்திருந்தார். மேஜையில் இந்தக் கதை விரிந்து கிடந்தது. நின்றபடியே ஐந்தாம் பகுதி வரை படித்தார்.

"இதுல வெயில்னு எழுதியிருக்கறீங்க."

"ஆமாங்க."

"எட்டு மணிக்கே போயிட்டேன்னும் இருக்குது. வண்டி கெளம்பிருச்சுன்னு நான் சொல்றதும் இருக்குது."

"அது வேண்டாம்னா எடுத்துடறேன்."

"இருக்கட்டுங்க. அது நெசந்தான." தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "இது புஸ்தகத்துல வந்தா அதக் கொண்டுபோயி அந்த மன்றத்துல குடுக்கலாமுங்களா?"

"இது கதைங்க கிட்டுசாமி. கதையை யாரும் சாட்சியா எடுத்துக்கமாட்டாங்க."

"மனுவுலதான் கதை எழுதிப்போட்டீங்க. கதையிலயாச்சும் உள்ளத எழுதியிருக்கறீங்க. குடுத்துப் பாக்கறேன்."

அடுக்கி வைத்த தாள்களை மறுபடி எடுத்துப் பக்கங்களை எண்ணிப் பார்த்தார். "கடசீல என்னங்க ஆகுது?"

"இன்னும் எழுதலை."

"நான் செயிச்ச மாதிரி எழுதிப்போடாதீங்க" என்றார். "அப்புறம் இதையும் நம்பமாட்டாங்க."

ஆகவே முடிவு எழுதும் உரிமை என்னிடம் இல்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். உங்களில் யாராவது 2006 ஏப்ரல் பதினெட்டாம் தேதி பீளமேட்டில் அந்த விமானத்துக்காகக் காத்திருந்தீர்களா? ஆறு டீ-சர்ட்டை ஹேங்கரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? இருந்தால், பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். உங்கள் பெயர், பயணச்சீட்டு எண், அன்று மழை பெய்ததா இல்லையா. இவ்வளவு போதும்.

வர்ணனை வேண்டாம்.